பெண்ணைப் பெற்றவர் பெண் வீட்டில் இருக்கக் கூடாதா?

கேள்வி: எனக்கு 41 வயது. சென்னையில் வங்கியில் வேலை. பெற்றோருக்கு நான் ஒரே பெண். அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா போய் நாலு வருஷம் ஆகிறது. அம்மாவுக்கு 68 வயது. கும்பகோணத்தில் சொந்த வீட்டில் தனியாக இருக்கிறார். போன மாசம் பின்கட்டில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. கீரை விற்க வந்த அம்மா பார்த்துத்தான் அக்கம்பக்கத்தில் சொல்லியிருக்கிறார். "என்னோடு வந்துவிடு" என்றால், "பெண் கொடுத்த வீட்டில் போய் உட்கார்ந்து சாப்பிடுவதா?" என்கிறார். எப்போதாவது வந்தாலும் அரிசியும் காப்பிப் பொடியும் கையோடு கொண்டு வருகிறார். ஃபிரிட்ஜைக்கூடத் தானாகத் திறக்க மாட்டார். மூணாம் நாளே பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார். எங்களுடையது இரண்டு படுக்கையறை வீடு, மாமனார் மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார்கள். கணவர் "அத்தை வரட்டும்" என்கிறார். மாமியாரோ, "சம்பந்தியம்மா எத்தனை நாள் இருப்பாங்க?" என்று கேட்கிறார். இத்தனைக்கும் மாமியாரே திருப்பூரில் இருக்கும் தன் மகள் வீட்டில் ஒரு வாரம்கூடத் தங்கியதில்லை. என் பாட்டிக்கு ஆறு பிள்ளைகள். கடைசி மாமா வீட்டில்தான் கடைசி வரை இருந்தார். அம்மா வீடு இரண்டு தெரு தள்ளி இருந்தும் ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லையாம். அம்மாவை எப்படிச் சம்மதிக்க வைப்பது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்: அன்புத் தங்கைக்கு,

அம்மாவின் கை தேறி வருகிறது என்று நம்புகிறேன். இதே கேள்வியோடு எனக்கு வரும் கடிதங்கள் கூடிக்கொண்டே போகின்றன. ஊரும் சாதியும் வேறு வேறாக இருந்தாலும் விஷயம் ஒன்றுதான். அதனால் உங்கள் வீட்டுச் சிக்கலை உங்கள் வீட்டோடு மட்டும் வைத்துப் பார்க்காதீர்கள்.

உங்கள் பாட்டியிலிருந்து தொடங்குவோம். ஆறு பிள்ளை பெற்ற வீட்டில் ஆறுமே பெண்ணாகப் பிறப்பது ஏறக்குறைய அறுபத்து நாலு வீட்டில் ஒரு வீட்டில்தான் நடக்கும். பிறந்த பிள்ளைகளில் சில தங்காமல் போன காலம் அது. அப்படியும் பெரும்பாலான வீடுகளில் ஒரு மகனாவது இருந்தான். "பெண் வீட்டில் போய் இருக்க மாட்டோம்" என்று ஊர் முழுக்கச் சொல்ல முடிந்தது, போய் இருக்க வேறு வீடு இருந்ததால்தான். மகன் இல்லாத அந்த ஒரு சில வீட்டுக்காரர்கள் பட்ட பாடு யார் கண்ணிலும் பெரிதாகப் படவில்லை.

இப்போது கணக்கே மாறிவிட்டது. 1992-93-இல் நடந்த முதல் தேசியக் குடும்பநல ஆய்வில், நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 3.4 பிள்ளைகள். 2019-21-இல் நடந்த ஐந்தாவது ஆய்வில் அது 2.0. தமிழ்நாட்டில் 1.8. இரண்டு பிள்ளைகளோடு நிறுத்திக்கொண்டால் ஏறக்குறைய நாலில் ஒரு வீட்டில் இரண்டும் பெண். ஒன்றோடு நிறுத்தினால் கிட்டத்தட்ட பாதி வீடுகளில் அந்த ஒன்றே பெண்தான். அதாவது, எப்போதோ ஒரு வீட்டைத் தொட்ட கட்டுப்பாடு இப்போது தெருவுக்குப் பல வீடுகளை மாட்டிவிடுகிறது. உங்கள் அம்மா, தன் அம்மா செய்ததைப் பார்த்து அப்படியே செய்கிறார். பாட்டிக்கு இருந்த கடைசி மாமா உங்கள் அம்மாவுக்கு இல்லை. இதை அம்மாவிடம் இப்படியே, கோபமில்லாமல், ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். "என்மேல் பாசம் இல்லையா?" என்று கேட்பதைவிட இது அவர் மனதில் ஏறும். பாசம் என்று பேச்சை எடுத்தால் இருவரும் அழுவீர்கள், அவர் அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடுவார்.

இன்னொரு மாற்றமும் இதோடு சேர்ந்து வந்திருக்கிறது. சுதந்திரம் வந்தபோது இந்தியாவில் சராசரி ஆயுள் முப்பதுகளின் தொடக்கத்தில்தான் இருந்தது. இன்று எழுபதை எட்டிவிட்டது. பெண்களுக்கு ஆண்களைவிடச் சில வருஷம் கூடுதல். கல்யாணத்திலேயே மாப்பிள்ளைக்கு நாலைந்து வயது அதிகம் என்பதால், கணவர் போன பிறகு பத்துப் பதினைந்து வருஷம் தனியே இருக்கும் பெண்கள் வீட்டுக்கு வீடு உண்டு. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் அறுபது தாண்டியவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்குமேல். 2050-க்குள் நாடு முழுக்கவே ஐந்தில் ஒருவர் அப்படி இருப்பார் என்று ஐ.நா. மக்கள்தொகை நிதியம் கணித்திருக்கிறது. நீங்கள் யோசித்து முடிவு செய்ய வேண்டியது ஒன்றிரண்டு வருஷத்துக்கு அல்ல, இருபது வருஷத்துக்கு.

சட்டம் இந்த விஷயத்தில் ஊர்ப் பேச்சைவிட வெகுதூரம் முன்னே போய்விட்டது. 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டிலேயே பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். 1989-இல் தமிழ்நாடு அதைச் சட்டமாக்கியது, 2005-இல் நாடு முழுவதற்கும் வந்தது. கடமையும் அப்படித்தான். கல்யாணமான மகளுக்கும் பெற்றோரைப் பராமரிக்கும் பொறுப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1987-லேயே சொல்லிவிட்டது. பெற்றோர் பராமரிப்புக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் பிள்ளைகள் என்றால் மகளும் சேர்த்திதான். "இது என் உரிமை மட்டும் இல்லை, என் கடமையும்கூட" என்று அம்மாவிடம் நீங்கள் தாராளமாகச் சொல்லலாம்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். நாளைக்குத் தனக்கு யார் கொள்ளி போடுவது என்ற நினைப்பு அம்மாவுக்கு உள்ளூர இருக்கிறதா? மகன் இல்லாத பல தாய்மார்களுக்கு அது இருக்கிறது, வாய்விட்டுச் சொல்வதில்லை. 2018-இல் வாஜ்பாய் மறைந்தபோது சிதைக்குத் தீ மூட்டியவர் அவருடைய வளர்ப்பு மகள். அடுத்த வருஷம் சுஷ்மா ஸ்வராஜுக்கும் மகள்தான் இறுதிச் சடங்கு செய்தார். நாடே டிவியில் பார்த்தது. அம்மாவும் பார்த்திருப்பார். பேச்சு தானாக அந்தப் பக்கம் வந்தால் "நான் இருக்கிறேன், நானே செய்வேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பாதிப் பாரம் அங்கேயே இறங்கிவிடும்.

சரி, இப்போது என்ன செய்வது? அம்மாவை உங்கள் வீட்டுக்குள் கூட்டி வராதீர்கள் என்பதுதான் என் யோசனை. உங்களுக்கு இது பிடிக்காமல் இருக்கலாம், ஆனாலும் யோசித்துப் பாருங்கள். இரண்டு படுக்கையறை வீட்டில் ஏற்கெனவே இரண்டு தலைமுறை. அம்மா வந்தால் ஹாலில்தான் படுக்க வேண்டும். சம்பந்தி எதிரில் காலை நீட்டி உட்கார மாட்டார், டிவி சேனலை மாற்ற மாட்டார், பசித்தால் ஒரு தம்ளர் மோர்கூடத் தானாக எடுத்துக் குடிக்க மாட்டார். சொந்த வீட்டில் நாற்பது வருஷம் ராணியாக இருந்தவரை அப்படி ஓரமாக உட்கார வைப்பது பாதுகாப்பாக இருக்கலாம், நல்வாழ்வு ஆகாது.

உங்கள் தெருவிலோ அடுத்த தெருவிலோ தரைத்தளத்தில் ஒரு சின்ன வீடு வாடகைக்குப் பாருங்கள். ஓர் அறை, ஒரு சமையலறை போதும். நடந்து போகிற தூரத்தில் கோயில் ஒன்று இருந்தால் நல்லது. குளியலறையில் பிடிமானக் கம்பி போட்டு, வழுக்காத தரைவிரிப்பு போடுங்கள். வாடகையை அம்மாவே தன் குடும்ப ஓய்வூதியத்திலிருந்து கொடுக்கட்டும். அதில் நீங்கள் குறுக்கே போகாதீர்கள். தன் வீடு, தன் அடுப்பு, தன் சாவி என்று ஆகிவிட்டால் "பெண் வீட்டுச் சோறு" என்ற பேச்சுக்கே இடமில்லை. சாயங்காலம் அவர் உங்கள் வீட்டுக்கு வந்துபோவார், பேரப்பிள்ளை இருந்தால் பாட்டி வீட்டுக்கு ஓடும். நாள் கிழமையில் அவர் வைத்த குழம்பு உங்கள் வீட்டுக்கு வரும். மாமியாருக்கும் இடம் பறிபோன எண்ணம் வராது.

கும்பகோணம் வீட்டை விற்க வேண்டாம். வாடகைக்கும் உடனே விடாதீர்கள். திரும்பிப் போக வீடு இருக்கிறது என்ற தைரியம் அவருக்கு முதல் சில மாதங்களில் அவசியம். பொங்கல் கழித்துக் கூட்டி வந்து சித்திரை வரை இருந்து பார்க்கச் சொல்லுங்கள். பிடிக்கவில்லை என்றால் திரும்பலாம் என்பதை மனதார ஒப்புக்கொண்டு சொல்லுங்கள். அப்படித் திரும்பினாலும் தோல்வி இல்லை. அங்கேயே பகலில் கூட இருக்க ஓர் ஆளை ஏற்பாடு செய்து, காலையும் இரவும் போன் என்று வைத்துக்கொள்ளலாம். ஐம்பது வருஷப் பழக்கமும் தெரிந்த முகங்களும் லேசில் விட்டு வருகிற சமாசாரம் இல்லை.

காகித வேலைகளைச் சாக்காகச் சொல்வார், அதற்கும் பதில் இருக்கிறது. ஓய்வூதியர்களுக்கான ஆண்டு நேர்காணலை ஜீவன் பிரமாண் என்ற மின்னணு உயிர்ச்சான்று முறையில் இருந்த இடத்திலிருந்தே முடிக்கலாம், தபால்காரர் வீட்டுக்கே வந்து கைரேகை எடுத்துக்கொள்கிறார். குடும்ப ஓய்வூதியருக்கான அரசு மருத்துவக் காப்பீடு, திட்டத்தில் சேர்ந்த சென்னை மருத்துவமனைகளிலும் செல்லும். மாநிலத்துக்குள் எந்த ரேஷன் கடையிலும் பொருள் வாங்கும் வசதி 2020-இலேயே வந்துவிட்டது.

மாமியாரைப் பற்றி ஒன்று. அவர் கேட்ட கேள்வியைக் குத்தலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். திருப்பூரில் ஒரு வாரம் தங்காதவர் அவர். உங்கள் அம்மாவைப் பிடித்திருக்கும் அதே கட்டுப்பாடுதான் அவரையும் பிடித்திருக்கிறது. தன் மகள் வீட்டில் பத்து நாள் இருந்து வர அவருக்கும் ஆசை இருக்காதா? அடுத்த விடுமுறையில் நீங்களே நாத்தனாரிடம் பேசி, அவரைத் திருப்பூருக்கு அனுப்பி வையுங்கள். போய்வந்த பிறகு இந்த விஷயத்தை எடுங்கள்.

எடுப்பது நீங்களாக இருக்க வேண்டாம், உங்கள் கணவர் எடுக்கட்டும். "அத்தை வரட்டும்" என்று உங்களிடம் சொன்னால் போதாது. அதை அவர் தன் அம்மாவிடம் சொல்ல வேண்டும், அப்புறம் உங்கள் அம்மாவிடம் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். மகள் கூப்பிட்டால் உங்கள் அம்மா ஆயிரம் காரணம் சொல்வார். மாப்பிள்ளை வீடு தேடி வந்து, வெற்றிலை பாக்கு பழத்தோடு முன்னால் உட்கார்ந்து, "அத்தை, பக்கத்துத் தெருவில் வீடு பார்த்திருக்கிறேன், நீங்கள் வரணும்" என்று கேட்டால் அவ்வளவு சுலபமாக மறுக்க முடியாது. வீடு அமைந்ததும் ஒரு சனி ஞாயிறு கணவரை மட்டும் கும்பகோணத்துக்கு அனுப்புங்கள். நீங்கள் கூடப் போகாதீர்கள்.