ஊர்க் குளிகையை டொக்டருக்கு ஒளிக்காதீர்கள்

தங்கச்சி, சூரிச்சுக்கு வந்து இரண்டு மாதம், ஒற்றைத் தலையிடிக்கு யாழ்ப்பாணத்துப் பரியாரி தந்த குளிகைதான் கேட்கிறது, இங்கத்தைய டொக்டர் அதை ஒத்துக்கொள்வாரா, காப்புறுதி காசு தருமா, வீடு எங்கே பார்ப்பது, டொச் (ஜெர்மன் பாஷை) எங்கே படிப்பது என்று கேட்டிருந்தீர்கள். வீட்டைக் கிடைக்கிற இடத்தில் எடுங்கள். டொச் வகுப்பு எதுவானாலும் நாளைக்கே சேருங்கள். மருந்துக் கதையில்தான் நான் அடிபட்டவன்.

2003இல் எனக்குக் காலில் இரத்தம் உறைந்து, இரத்தம் உறையாமல் தடுக்கிற மார்குமார் என்கிற குளிகை தந்தார்கள். இரவு வேலை, நித்திரை இல்லை. கடையில் யோஹானிஸ்கிரௌட் (இங்கிலீசில் சென்ட் ஜோன்ஸ் வோர்ட்) என்று ஒரு மூலிகைக் குளிகை வாங்கிப் போட்டேன். மூலிகைதானே, என்ன செய்யும்? அடுத்த சோதனையில் இரத்தம் பழையபடி தடித்திருந்தது. டொக்டர் மார்குமாரின் அளவைக் கூட்டினார், சரிவரவில்லை. கடைசியில், "வீட்டில் இருக்கிற எல்லாப் பெட்டியையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வா" என்றார். பையைக் கொட்டியதும் பிடிபட்டது: அந்த மூலிகை ஈரலை உசுப்பி மற்ற மருந்தைச் சீக்கிரம் கழிக்க வைக்கும். கருத்தடைக் குளிகையையும் அது கெடுக்கும், நீங்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டியது.

அதனால் பரியாரியின் குளிகையையும் அப்படியே கொண்டுபோய்க் காட்டுங்கள். என்ன சரக்குச் சேர்த்தது என்று ஊருக்குப் போன் எடுத்துக் கேட்டு எழுதுங்கள். ஆயுர்வேதத்தில் பாதரசம், ஈயம் சேர்த்துச் செய்கிற மருந்துகளும் உண்டு. பிள்ளைத்தாச்சியாகும் எண்ணம் இருந்தால் இன்னும் கவனம். டொக்டர் ஏசுவார் என்ற பயம் வேண்டாம். என்னை ஏசவில்லை. பிறகு முழங்கால் நோவுக்கு அவரே அக்குபங்சர் படித்த இன்னொரு டொக்டருக்குக் கடிதம் எழுதினார், அவர் திருப்பி எழுதினார். ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரிந்திருந்தது.

இப்படியான மாற்று வைத்தியத்துக்கும் இடம் வேண்டும் என்று சுவிஸ் சனம் வாக்கே போட்டது. 2009 மே 17இல் 67 வீதம் பேர் ஆம் என்றார்கள், அதில் என்னுடையதும் ஒன்று. 2017 ஆகஸ்டிலிருந்து அக்குபங்சர், ஹோமியோபதி, சீன வைத்தியம், மூலிகை வைத்தியம், அந்திரொபொசொபி (ருடோல்ஃப் ஸ்டைனர் வழி வைத்தியம்) ஆகிய ஐந்துக்கும் அடிப்படைக் காப்புறுதி காசு தரும். ஆனால் செய்பவர் டொக்டராக இருந்து, அந்தத் துறையில் சான்றிதழும் வைத்திருக்க வேண்டும். ஆயுர்வேதம் அந்த ஐந்தில் இல்லை. டொக்டர் அல்லாத வைத்தியரிடம் போனால் மேலதிகக் காப்புறுதிதான். அதற்கு உடம்பு வருத்தம் எல்லாம் கேட்டுத்தான் எடுப்பார்கள், வேண்டாம் என்றும் சொல்லலாம். அடிப்படைக் காப்புறுதி அப்படித் தள்ள முடியாது. வந்து மூன்று மாதத்துக்குள் அதை எடுத்தாக வேண்டும். உங்களுக்கு இன்னும் ஒரு மாதம்தான்.

எங்கள் ஆட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். முப்பது வருசம் இருந்தும், "இவங்களுக்கு டாஃபல்கானை (இங்கத்தைய பரசிட்டமோல்) விட்டால் என்ன தெரியும்" என்று இங்கத்தைய டொக்டர்மாரைச் சொல்வார்கள். அவர்களே கோயில் திருவிழாவில் லேபல் இல்லாத போத்தலில் சர்க்கரை வருத்தத்துக்கு எவனோ விற்கிற தூளை வாங்கிக்கொண்டு, டொக்டர் தந்த சர்க்கரைக் குளிகையான மெட்ஃபோர்மினை நிறுத்துவார்கள். அப்படி ஒருவரை நான்தான் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழி முழுக்க, "டொக்டருக்குச் சொல்லாதே" என்றுதான் கெஞ்சினார்.

நான் மட்டும் என்ன திறம்? 1990இல் அகதியாக வந்த முதல் மாரியில் வயிற்று நோவு. பாஷை தெரியாது, கையால் வயிற்றைத் தடவிக் காட்டினேன். கிழவர் டொக்டர் அமத்திப் பார்த்துவிட்டு, ஒரு தேத்தண்ணிப் பொட்டலத்தைத் தந்தார். இதுக்கா கடல் கடந்து வந்தேன் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே முகாமுக்குப் போய் அவித்தேன். மணம் வந்தபோதுதான் தெரிந்தது, பெருஞ்சீரகம். அம்மம்மா தருகிற அதே தண்ணி. குசினியில் நின்றுகொண்டே இரண்டு கோப்பை குடித்தேன்.