மகள் வீட்டுத் தோட்டத்துக்கு வரும் ஹம்மிங் பறவையைப் படம் எடுத்தால் இறக்கை மங்கலாகவே விழுகிறது. விலை உயர்ந்த கேமரா வாங்கினால்தான் முடியுமா?

வேண்டாம். கையில் இருப்பதே போதும். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதற்காக மட்டுமல்ல. நீங்கள் இணைத்திருக்கும் படத்தில், பறவைக்குப் பக்கத்திலேயே ஒரு மேசை விளக்கின் பிம்பம் தெரிகிறது. அப்படியென்றால் வீட்டுக்குள் உட்கார்ந்து கண்ணாடிக் கதவு வழியாக எடுக்கிறீர்கள். சர்க்கரைத் தண்ணீர்க் குடுவை கதவிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி தள்ளித் தொங்குகிறது. நானும் அப்படித்தான் தொங்கவிட்டிருந்தேன். அதனால் நடந்ததைக் கடைசிவரை படியுங்கள்.

அட்லாண்டா என்று எழுதியிருக்கிறீர்கள். வயதைச் சொல்லவில்லை. ஆனாலும் நீங்களும் என்னைப் போல் பிள்ளைகள் வீட்டுக்கு ஆறு மாதம் வந்திருப்பவர் என்றே நினைக்கிறேன். "பகல் முழுக்க அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்ற உங்கள் வரி எனக்கு நன்றாகவே புரியும். திருநெல்வேலியில் 34 ஆண்டுகள் பள்ளியில் வேதியியல் நடத்தியவன் நான். மகள் வீடு வட கரோலினாவில், ராலே நகரத்தில். காலை எட்டரை மணிக்கு மகளும் மருமகனும் பேத்தியும் கிளம்பிவிட்டால் மாலை வரை நானும் என் மனைவியும்தான். தெருவில் ஆள் நடமாட்டம் கிடையாது, கீரை விற்கும் குரல் கிடையாது. முதல் தடவை வந்தபோது, ஓர் ஏப்ரல் காலையில் பின்பக்க மரத்தளத்தில் காப்பியோடு நின்றேன். காதருகே வண்டு போல ஒரு ரீங்காரம். திரும்பினால், கட்டைவிரலைவிடச் சற்றே நீளமான ஒரு பறவை, காற்றில் ஆணி அடித்து நிறுத்தியது போல நின்று, என் தோளில் கிடந்த சிவப்புத் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து நான்கு கோடைக்காலமாக எனக்கு இதுதான் வேலை. வேலை என்றுதான் சொல்வேன். சொந்தக்காரர் ஒருவர் இதை வெட்டிப்பொழுது என்றார். ஒரு பறவை எந்தக் கிளையில் உட்காரும், எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை குடிக்க வரும் என்று மாதக்கணக்கில் குறித்துவைப்பது வெட்டிப்பொழுது ஆகாது.

இதைத் தேன்சிட்டு என்று சொல்கிறார்கள். நம் ஊர்த் தேன்சிட்டு வேறு குடும்பம். அது பெரும்பாலும் காம்பில் உட்கார்ந்துதான் பூவை உறிஞ்சும். ஹம்மிங் பறவைகள் அமெரிக்கக் கண்டங்களைத் தவிர வேறெங்கும் கிடையாது. பறந்தபடியே ஓரிடத்தில் நிற்பதற்குத் தமிழில் ஓசனித்தல் என்று அழகான சொல் இருப்பதால், ஓசனிச்சிட்டு என்ற பெயர்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. அட்லாண்டாவிலும் ராலேயிலும் கோடையில் கூடு கட்டுவது ஒரே இனம், மாணிக்கக் கழுத்து ஓசனிச்சிட்டு. எடை சுமார் 3 கிராம். இங்குள்ள ஒரு சென்ட் நாணயமே இரண்டரை கிராம்.

குடுவையில் என்ன ஊற்றுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு டம்ளர் வெள்ளைச் சீனிக்கு நான்கு டம்ளர் தண்ணீர், அவ்வளவுதான். கடையில் விற்கும் சிவப்புச் சாயத் தண்ணீர் வேண்டாம். குடுவை சிவப்பாக இருந்தாலே போதும். என் மனைவி வெள்ளைச் சீனியை வீட்டில் அண்டவிடாதவள். "அந்த விஷத்தை வாயில்லாத ஜீவனுக்குக் கொடுக்காதீர்கள், கருப்பட்டி போடுங்கள்" என்று இரண்டு நாள் என்னோடு மல்லுக்கட்டினாள். கருப்பட்டியிலும் நாட்டுச்சர்க்கரையிலும் உள்ள இரும்புச்சத்து நமக்கு நல்லது, இந்தப் பறவைக்குக் கெடுதல். தேனைக் கரைத்து வைத்தால் சீக்கிரம் புளித்துப் பூஞ்சை பிடிக்கும். பூவின் தேனிலும் முக்கியமாக இருப்பது நம் சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான் என்று விளக்கிய பிறகே சமாதானமானாள். பறவைக்குச் சர்க்கரை நோய் வராதா என்று கேட்க யாராவது வருவார்கள். அவர்களுக்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: இது சீனித் தண்ணீரை மட்டும் நம்பி வாழும் பறவை அல்ல, சிறு பூச்சிகளையும் சிலந்திகளையும் பிடித்துத் தின்கிறது. ஜூலை வெயிலில் இரண்டு நாளைக்கு ஒரு முறை தண்ணீரை மாற்றி, குடுவையை வெந்நீரில் கழுவ வேண்டும். அதற்கு நேரமில்லை என்றால் குடுவையே வைக்கக் கூடாது.

இனி நடந்ததைச் சொல்கிறேன். 2023 ஜூலை. மருமகனின் பழைய நிக்கான் கேமரா, 300 மில்லிமீட்டர் வரை போகும் லென்ஸ். வெளியே வெயிலும் கொசுவும் தாங்காமல், கண்ணாடிக் கதவுக்கு உள்ளே சோபாவை இழுத்துப் போட்டுக்கொண்டேன். லென்ஸுக்குத் தோதாகக் குடுவையைப் பன்னிரண்டடி தள்ளித் தொங்கவிட்டது நான்தான். ஓர் ஆண் பறவை அந்தக் குடுவையைத் தன் சொத்தாகவே வைத்திருந்தது. வேறு எது வந்தாலும் துரத்தும். அன்று குடிக்க வந்த பெண் பறவையைத் துரத்தியது. அந்தப் பெண் பறவை திரும்பிய வேகத்தில் நேராக என்னை நோக்கி வந்தது. கண்ணாடியில் அதற்குத் தெரிந்தது வானமும் மரமும்தான். டக் என்று ஒரு சத்தம், சுண்டு விரலால் தட்டியது போல. அதைவிடப் பெரிய சத்தம் போட அதன் உடம்பில் எடை இல்லை.

ஓடிப்போய் எடுத்தேன். உள்ளங்கையில் ஏதோ இருக்கிறது என்பதே தெரியவில்லை. சூடு மட்டும் தெரிந்தது, அதற்குள் நிற்காத ஓர் அதிர்வு. அதன் இதயம் நிமிடத்துக்கு ஆயிரத்துக்கும் மேல் துடிக்கக்கூடியது. அலகு கொஞ்சம் திறந்திருந்தது. நூலை நனைத்து நீட்டியது போல நாக்கின் நுனி வெளியே கிடந்தது. முதுகில் பச்சை, பக்கத்துக்குப் பக்கம் மாறி மாறி மின்னியது. மகளின் செருப்புப் பெட்டியில் மெல்லிய துணியை விரித்து, அதை வைத்து மூடி, சத்தமில்லாத நிழலில் வைத்தேன். அப்படி அடிபட்ட பறவைக்கு இருட்டும் அமைதியும்தான் முதல் வைத்தியம். தண்ணீர் புகட்டப் போகக் கூடாது. இருபது நிமிடம் நான் உட்காரவில்லை. பிறகு பெட்டிக்குள் விர்ரென்று சத்தம். வெளியே கொண்டுபோய்த் திறந்ததும் ஒரே வீச்சில் வேலிக்கு மேலே போய்விட்டது. அந்த நேரத்தில் படம் எடுத்தீர்களா என்று பலர் கேட்டார்கள். இல்லை, கேமரா சோபாவிலேயே கிடந்தது.

அது பிழைத்தது அதன் அதிர்ஷ்டம். அன்று மாலையே குடுவையைக் கண்ணாடியிலிருந்து இரண்டடிக்குள் மாற்றிவிட்டேன். அவ்வளவு பக்கத்தில் இருந்தால் கிளம்பும்போது வேகம் எடுக்க இடமில்லை, மோதினாலும் பெரிதாக அடிபடாது. மூன்றடிக்குள் வைக்க வேண்டும், இல்லையென்றால் முப்பதடிக்கு அப்பால் வைக்க வேண்டும். நடுவில் இருக்கும் தூரம்தான் ஆபத்து.

அதன் பிறகு நான் வெளியே உட்கார ஆரம்பித்தேன். என் படங்கள் சரியாக வந்ததும் அதிலிருந்துதான். ஒரே நாற்காலி, ஒரே இடம், அசையாமல் இருக்க வேண்டும். நான்காவது நாளே பறவை என் முழங்கைக்கு அருகே பறந்து போனது. இறக்கை நொடிக்கு ஐம்பது தடவைக்கு மேல் அடிக்கிறது. நீங்கள் ஷட்டர் வேகமாக (படத்துக்காக ஒளி விழும் நேரம்) வைத்திருக்கும் 1/1000 நொடிக்குள் ஓர் அடிப்பில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு நடந்து முடிந்துவிடும். மங்காமல் என்ன செய்யும்? 1/3200 அல்லது 1/4000 வையுங்கள், கேமராவின் ஒளியுணர்வு அளவான ஐ.எஸ்.ஓ.வை 1600 வரை தைரியமாக ஏற்றுங்கள். அப்போதும் நுனி கொஞ்சம் கலங்கும். கலங்கட்டும், கண் கூர்மையாக விழுந்தால் போதும். முழுக்க உறைய வைக்க அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹெரால்டு எட்ஜெர்ட்டன் போன்றவர்கள் மின்னல்வேக ஃபிளாஷைப் பயன்படுத்தினார்கள். எனக்கு அதில் ஆசை இல்லை.

பறவை அலகைக் குடுவைக்குள் விட்டிருக்கும்போது எடுக்காதீர்கள். ஒரு வாய் குடித்துவிட்டு அரையடி பின்வாங்கி நிற்கும், பிறகு மறுபடி குடிக்கும். அந்தப் பின்வாங்கும் இடத்தில் முன்கூட்டியே ஃபோகஸ் வைத்துக் காத்திருங்கள். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். ஆணின் கழுத்துச் சிவப்பு சாயம் அல்ல, இறகின் நுண்ணமைப்பில் ஒளி பட்டுத் திரும்புவதால் வரும் நிறம். பக்கவாட்டில் பார்த்தால் கறுப்பாகவே இருக்கும். சட்டென்று தலையைத் திருப்பினால், கரி ஊதியது போலக் கழுத்து முழுதும் தணலாகிவிடும். அதை முதல் தடவை கேமராவுக்குள் பார்த்தபோது விரலை அழுத்தவே மறந்துவிட்டேன்.

அப்படிக் கிடைத்த ஒரு படத்தை இங்குள்ள ஒரு தமிழ் அமைப்பு தன் ஆண்டு நாட்காட்டியில் போட்டது. என்னிடம் கேட்கவில்லை, என் பெயரும் இல்லை. கீழே "நம் தேன்சிட்டு" என்று தவறான பெயர் வேறு. கேட்டபோது, "பெரியவரே, இதெல்லாம் சேவைதானே" என்றார்கள். பணம் கேட்கவில்லை நான். பதினோரு காலைகள் காத்திருந்து எடுத்த படம் அது. ஒரு வரியில் பெயர் போட்டால் எந்தச் சேவை குறைந்துவிடும்? இன்றும் எனக்கு அது ஆறவில்லை.

உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாததை எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். செப்டம்பரில் நீங்கள் ஊருக்குத் திரும்பும் முன், குடுவையைக் கழற்ற வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். குடுவை இருந்தால் பறவை தெற்கே போகாமல் தங்கிவிடும் என்பது தவறு. பகல் குறைவதைக் கண்டு அது தானாகக் கிளம்பும். கிளம்பும் முன் தின்று கொழுத்து உடல் எடையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொள்ளும். இவற்றில் பல, மெக்சிகோ வளைகுடாவுக்கு மேலே எங்கும் இறங்காமல் சுமார் 800 கிலோமீட்டர் பறக்கின்றன. கடைசி நாட்களில் வழிப்போக்காக வருபவற்றுக்கு உங்கள் சீனித் தண்ணீர் தேவைப்படும்.

படம் நாளைக்கு எடுக்கலாம். இன்று மாலைக்குள் ஓர் அளவுநாடாவை எடுத்துக் குடுவைக்கும் கண்ணாடிக்கும் நடுவே பிடித்துப் பாருங்கள். எத்தனை அடி வந்தது என்று கீழே எழுதுங்கள்.