காய்ச்சல் 9 நாள், மீதி 29 நாள்?

கேள்வி: என் மகன் 11-ஆம் வகுப்பு படிக்கிறான். தினமும் காலையில் சீருடை போட்டுக்கொண்டு ஒழுங்காகத்தான் கிளம்புகிறான். போன வாரம் பள்ளியில் கூப்பிட்டு, இதுவரை நடந்த 120 வேலை நாளில் 38 நாள் அவன் வரவில்லை என்றார்கள். ஆண்டின் தொடக்கத்தில் காய்ச்சல் வந்து 9 நாள் வீட்டில் படுத்திருந்தான், அது எனக்குத் தெரியும். மீதி 29 நாள் எங்கே போனான் என்றே தெரியவில்லை. பெரும்பாலும் செவ்வாய், வெள்ளியில்தான் வரவில்லையாம். ஆண்டுக்கு 200 வேலை நாள், 75 சதவீத வருகை இல்லாவிட்டால் தேர்வு எழுத விடமாட்டோம் என்கிறார்கள். ஏன் என்று கேட்டால் 'பிடிக்கலை' என்பதற்கு மேல் வாய் திறக்க மாட்டேன் என்கிறான். அவன் அப்பா கோபத்தில் போனைப் பிடுங்கி வைத்துவிட்டார். உறவினர் ஒருவர், தெரிந்த டாக்டரிடம் மொத்த நாளுக்கும் மெடிக்கல் சர்டிபிகேட் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். வாங்கிவிடலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

வாங்க வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம், உங்கள் பயத்தில் பாதி அதிலேயே குறையும்.

200 நாளில் 75 சதவீதம் என்றால் 150 நாள் வர வேண்டும். ஆக ஒரு ஆண்டில் 50 நாள் வரை வராமல் இருக்கலாம். 38 போய்விட்டது, மீதி 12. இன்றைய நிலவரப்படி 120-க்கு 82 நாள் வந்திருக்கிறான், 68 சதவீதம் சொச்சம். நாளையிலிருந்து ஒரு நாள்கூட விடாமல் போனால் 32-ஆவது நாளில் 75-ஐத் தொட்டுவிடுவான். ஆண்டு முடியும்போது 162 நாள், அதாவது 81 சதவீதம். கதவு மூடவில்லை. ஆனால் 75-க்குக் கீழே இருக்கும்வரை, விடுகிற ஒவ்வொரு நாளையும் ஈடுகட்ட மூன்று நாள் முழுதாக வந்தாக வேண்டும். இதை அவனோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். 'எப்படியும் போச்சு, இனி போய் என்ன' என்று மனதுக்குள் முடிவுகட்டிக்கொண்ட பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பல பேருக்கு உண்மையில் எண்ணிக்கை அவ்வளவு மோசமாக இருக்காது.

பள்ளியில் மூன்று விஷயம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வருகைக் கணக்கு எந்தத் தேதியோடு முடிகிறது? தேர்வுக்கு முன்பே ஒரு நாளில் கணக்கை முடித்துவிடும் இடங்கள் உண்டு, அப்படியென்றால் உங்களுக்கு மீதி இருப்பது 80 நாள் அல்ல. அரை நாள் வந்தாலும் லேட்டாக வந்தாலும் எப்படிப் பதிகிறார்கள்? செய்முறை வகுப்புக்குத் தனி வருகை பார்க்கிறார்களா? அப்புறம் அந்தக் காய்ச்சல் 9 நாள். அப்போது பார்த்த டாக்டரின் சீட்டு இருந்தால் ஒரு லீவ் லெட்டரோடு இப்போதே கொடுங்கள். உண்மையான நோய்க்கும் வீட்டில் நேர்ந்த துக்கத்துக்கும் பல பள்ளிகள் சலுகை தருவார்கள். தாமதமாகக் கொடுத்தால் ஏற்க மறுக்கலாம், அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

இப்போது அந்தப் பொய்ச் சான்றிதழ். அது பிடிபட்டால் பையனுக்கும் டாக்டருக்கும் வரும் சிக்கல் ஒருபுறம் இருக்கட்டும். பிடிபடாமல் போனால் அதைவிட மோசம். அந்த 29 நாளில் என்ன நடந்தது என்று இனி யாரும் கேட்க மாட்டார்கள். நீங்களும் கேட்க முடியாது, ஏனென்றால் கையெழுத்துப் போட்டவர் நீங்கள். அமெரிக்கப் பள்ளிகளில் ஆண்டில் 10 சதவீத நாள் வராமல் போனாலே அதைக் கவலைக்குரிய அளவாக எடுத்துக்கொள்வார்கள், 180 நாளில் 18 நாள். இதில் அனுமதி பெற்ற விடுப்பு, பெறாத விடுப்பு இரண்டையும் சேர்த்தே எண்ணுவார்கள். சான்றிதழ் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அந்த நாளின் பாடம் பிள்ளைக்குப் போகவில்லை என்பதுதான் அதன் நியாயம். இது சரியான பார்வை என்றே நினைக்கிறேன்.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது 'செவ்வாய், வெள்ளி' என்ற இரண்டு சொற்களைத்தான். ஊர் சுற்றும் ஆசையில் கட் அடிக்கிற பையன் கிழமை பார்த்து அடிக்க மாட்டான். இரவெல்லாம் விழித்திருந்து காலையில் எழ முடியாத பிள்ளையும் அப்படித்தான், வாரம் முழுக்கத் தடுமாறுவான். குறிப்பிட்ட இரண்டு கிழமை என்றால் அந்த நாட்களில் ஏதோ ஒன்று இருக்கிறது. அவன் டைம்டேபிளை எடுத்துப் பாருங்கள். வாராந்திரத் தேர்வா, லேபா, ஒரு குறிப்பிட்ட ஆசிரியரா, விளையாட்டு பீரியடா?

இன்னொன்றும் பாருங்கள். காய்ச்சல் முடிந்த தேதியையும் அந்த 29 நாள் தொடங்கிய தேதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் வகுப்பாசிரியராக இருந்தபோது ஒரு பையன் லேப் நாள் வந்தால் காணாமல் போய்விடுவான். அம்மை போட்டு இரண்டு வாரம் வராமல் இருந்தவன் அவன். திரும்பி வந்தபோது ரெக்கார்டு நோட்டில் நான்கு சோதனை பாக்கி. முதல் வாரம் திட்டு வாங்கினான். அடுத்த வாரம் திட்டுக்குப் பயந்து வரவில்லை, பாக்கி ஐந்தானது. அப்புறம் ஆறு. போகாமல் இருக்கிற ஒவ்வொரு நாளும் அப்போதைக்கு நிம்மதியாக இருக்கும், அடுத்த முறை வாசலைத் தாண்டுவது இன்னும் கஷ்டமாகிவிடும். 'ஒரு வாரம் வீட்டில் இருந்து மனசு தேறட்டும்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்தப் பையன் சோம்பேறி என்று நான் முழுதாக இரண்டு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன், இன்றைக்கும் அது உறுத்துகிறது.

உங்கள் மகனுக்கு இதே காரணம்தான் என்று சொல்லவில்லை. யாரோ அடிக்கலாம், பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடலாம், எல்லோர் முன்னாலும் ஒரு ஆசிரியர் அவமானப்படுத்தியிருக்கலாம். 'பிடிக்கலை' என்ற சொல்லுக்குள் இவை எல்லாமே அடங்கும். அதனால் 'ஏன் போகலை' என்று கேட்பதை நிறுத்துங்கள். அது விசாரணை, அவன் வாயை மூடிக்கொள்வான். 'செவ்வாய்க்கிழமை முதல் பீரியட் என்ன, யார் எடுக்கிறாங்க, நீ எங்கே உட்காருவே' என்று சின்னச் சின்னதாகக் கேளுங்கள். எதிரெதிரே உட்கார்ந்து வேண்டாம், நடக்கும்போதோ வேலை செய்யும்போதோ. எந்தக் கேள்விக்குக் குரல் மாறுகிறது என்று கவனித்தாலே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

அவன் அப்பாவிடம் போனைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். இரவில் மட்டும் அது கூடத்தில் இருக்கட்டும். வகுப்பில் என்ன நடக்கிறது என்று தெரிந்த ஒரே நண்பனோடு உள்ள தொடர்பைக்கூட நீங்கள் அறுத்துவிட்டிருக்கலாம். சாப்பாடு குறைவது, தூங்காமல் இருப்பது, வாழவே பிடிக்கவில்லை என்கிற மாதிரிப் பேச்சு, இவற்றில் ஏதாவது இருந்தால் அட்டெண்டன்ஸை ஓரமாக வைத்துவிட்டு உடனே டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

காரணம் பிடிபட்டதும் அவனையும் கூட்டிக்கொண்டு வகுப்பாசிரியரைப் பாருங்கள். அவனுக்குத் தெரியாமல் போக வேண்டாம். 29 நாள் பொய் சொல்லியிருக்கிறான் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், அதற்குப் பள்ளி ஏதாவது தண்டனை கொடுத்தால் அவன் ஏற்கட்டும். கூடவே, விட்டுப்போன பாடத்தில் முதலில் எதை முடிக்க வேண்டும், எந்தத் தேதிக்குள் என்று எழுதி வாங்குங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டால் மறுபடி ஓடிவிடுவான்.

அடுத்து வரும் செவ்வாய்க்கிழமை காலை முடிந்தால் நீங்களே வாசல் வரை கூடப் போங்கள். பெரிய பையன், கூச்சப்படுவான். தெருமுனையில் நின்றுகொண்டாலும் போதும். சாயங்காலம் வந்ததும் 'எப்படி இருந்துச்சு' என்று துருவாமல் சாப்பிடக் கொடுங்கள். வெள்ளிக்கிழமையும் அப்படியே. அந்த வாரம் எப்படிப் போனது என்று எனக்கு எழுதுங்கள்.