ஒண்ணேகால் நொடி வேலை

அன்புள்ள ஐயா,

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளைப் பற்றி நீங்கள் எழுதியதில், அங்குள்ள ஃபுட்பால் (நம்மூர் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) அணியில் பந்தை உதைப்பதற்கென்றே ஒரு மாணவர் இருப்பார் என்று ஒரு வரி வந்தது. என் அண்ணன் மகள் அலபாமா பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். 2013இல் தவறிப்போன ஓர் உதையைப் பற்றி அங்கே இன்னமும் பேசுகிறார்களாம். மூன்றரை மணி நேர ஆட்டத்தில் நாலைந்து முறை வந்து உதைத்துவிட்டுப் போகிறவருக்கு அணியில் ஓர் இடமா? நம்மூர் கிரிக்கெட்டில் தண்ணீர் கொண்டுபோகும் பன்னிரண்டாவது ஆள்கூட இதைவிட அதிகம் ஓடுகிறார். அந்தச் சின்ன வேலையையும் கெடுத்தால் ஜனங்கள் திட்டத்தானே செய்வார்கள்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

தண்ணீர் கொண்டுபோகிறவரை நினைத்துச் சிரித்துவிட்டேன். முதலில் இந்த ஆட்டத்தைப் பார்த்தபோது நானும் உங்களைப் போலத்தான் நினைத்தேன். விதிகள் புரியவே எனக்கு இரண்டு வருடம் ஆனது, அது வேறு கதை.

ஓடவேண்டிய தூரத்தை வைத்துப் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் அந்த உதையைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். ஒருவர் குனிந்து கால்களுக்கு நடுவே பந்தைப் பின்னால் எறிகிறார். ஏழெட்டு யார்டு தள்ளி மண்டியிட்டிருப்பவர் அதைப் பிடித்து, தையல் கோல்கம்பத்தைப் பார்க்கும்படி திருப்பித் தரையில் நிறுத்துகிறார். கிக்கர், அதாவது உதைக்கிற மாணவர், இரண்டே எட்டில் வந்து உதைக்கவேண்டும். மொத்தமும் ஒண்ணேகால் நொடியில் முடியவேண்டும். கொஞ்சம் தாமதித்தால் எதிரணிக்காரர்கள் கையை உயர்த்திக்கொண்டு மேலே வந்து விழுவார்கள். பந்து நுழையவேண்டிய கம்பங்களுக்கு இடையே 18 அடி 6 அங்குலம்தான் இடைவெளி. பந்தை வைக்கும் இடமும் அவர் விருப்பப்படி அமையாது. மைதானத்தில் இரண்டு வரிசை உள்கோடுகள் உண்டு, அவற்றுக்கு இடையில்தான் பந்தை வைப்பார்கள். கல்லூரி மைதானத்தில் அந்த இடைவெளி 40 அடி, தொழில்முறை ஆட்டத்தில் வெறும் 18 அடி 6 அங்குலம். அதனால் மாணவர்கள் அடிக்கடி ஓரத்திலிருந்து சாய்வாக உதைக்கவேண்டியிருக்கிறது. கற்றுக்கொள்கிற பையனுக்குக் கடினமான கோணம், சம்பளம் வாங்குகிறவருக்கு நேரான கோணம்! யார் யோசித்த ஏற்பாடோ.

சரி, உங்கள் அண்ணன் மகள் சொன்ன உதைக்கு வருகிறேன்.

அலபாமாவின் கிக்கர் கேட் ஃபாஸ்டர். 2011இல், நாட்டின் முதல் இரண்டு இடங்களில் இருந்த அணிகள் மோதிய ஆட்டத்தில் எல்எஸ்யூவிடம் (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) அலபாமா 9-6 என்று தோற்றது. அன்று தொலைவிலிருந்து அவர் உதைத்த மூன்று தவறின. அதற்குப் பிறகும் இருந்து பயிற்சி செய்து, 2013 சீசனில் 12 வாய்ப்புகளில் 11ஐ உள்ளே போட்டிருந்தார். நவம்பர் 30, அதே மாநிலத்து ஆபர்ன் பல்கலைக்கழகத்துக்கு எதிரான ஆட்டம். முதல் உதை தவறியது. அப்புறம் ஒன்று உள்ளே போனது, ஆனால் அவருடைய அணிக்காரர் ஒருவர் முன்னதாகவே அசைந்துவிட்டதால் செல்லாது என்றார்கள். 5 யார்டு பின்னால் போய் மறுபடி உதைத்தார், தவறியது. மூன்றாவதை எதிரணி கைபோட்டுத் தடுத்தது.

ஸ்கோர் 28-28. நேரம் முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தபோது, பயிற்சியாளர் நிக் சேபன் வாதாடி ஒரு நொடியைத் திரும்ப வாங்கினார். அந்த ஒரு நொடியில் ஃபாஸ்டரை உட்காரவைத்துவிட்டு, முதல் வருடமாக ஆடிக்கொண்டிருந்த ஆடம் கிரிஃபித்தை 57 யார்டிலிருந்து உதைக்க அனுப்பினார். பந்து எட்டவில்லை. கம்பத்துக்குக் கீழே நின்றிருந்த ஆபர்ன் ஆட்டக்காரர் கிறிஸ் டேவிஸ் அதைப் பிடித்து, மைதானத்தின் முழு நீளத்தையும் ஓடி மறுமுனையில் 6 புள்ளி எடுத்தார். ஆபர்ன் 34, அலபாமா 28. அவரைத் துரத்த அலபாமா பக்கம் ஆளே இல்லை. உதையைக் காப்பதற்காகக் களத்தில் நின்றவர்கள் எல்லாம் மலைபோன்ற உடம்புக்காரர்கள். முட்டி நிறுத்தத் தெரியும், ஓடத் தெரியாது. என்னைக் கேட்டால், அந்தத் தோல்வியில் பெரும்பங்கு அந்த ஏற்பாட்டுடையது, அதைச் செய்த பயிற்சியாளருடையது. அந்த நொடியைக் கேட்டு வாங்காமல் இருந்தால் ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போயிருக்கும்.

ஆனால் கொலை மிரட்டல் வந்தது ஃபாஸ்டருக்கு. இதையா "திட்டத்தானே செய்வார்கள்" என்கிறீர்கள்? ஒரு கேட்ச்சை விட்டவருக்கு அடுத்த ஓவரில் இன்னொரு பந்து வரும். கிக்கருக்கு அப்படி இல்லை. மற்றவர்கள் விளையாடித் தோதான இடத்துக்குப் பந்தைக் கொண்டுவரும்வரை ஓரத்தில் நின்று காத்திருக்கவேண்டும், அது வராமலே ஆட்டம் முடிந்தும் போகலாம். அந்த வாரம் அவருக்குக் கைப்பட ஒரு கடிதம் வந்தது, முன்னாள் குடியரசுத்தலைவர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷிடமிருந்து. காலப்போக்கில் நீங்கள் இன்னும் வலுவான மனிதராவீர்கள் என்பதுபோல எழுதி, "இன்னொரு 43" என்று முடித்திருந்தார். ஃபாஸ்டரின் சட்டை எண் 43, புஷ் 43ஆவது குடியரசுத்தலைவர். அவருடைய அரசியலில் எனக்குப் பிடித்தது எதுவும் இல்லை. இந்தக் கடிதம் பிடிக்கும்.

கிரிஃபித் போலந்தில் பிறந்தவர். பதின்மூன்று வயதில் ஜார்ஜியா மாநிலத்துக் குடும்பம் ஒன்று தத்தெடுத்து வளர்த்த பையன். அந்த இரவுக்குப் பிறகும் அதே அணியில் உதைத்துக்கொண்டிருந்தார். 2016 ஜனவரி 11, தேசிய இறுதி ஆட்டம், கிளெம்சனுக்கு எதிராக. அவர் போட்ட 3 புள்ளிகளால் 24-24 என்று சமமானது. அடுத்து பந்தை எதிரணிக்கு உதைத்துக் கொடுக்கவேண்டும். வழக்கமாகத் தொலைவுக்கு அடிப்பார்கள். கிளெம்சன்காரர்கள் ஒரு பக்கமாகக் குவிந்து நின்றிருந்தார்கள். கிரிஃபித் காலியாகக் கிடந்த மறுபக்கம் பந்தை மெல்லத் தூக்கிவிட்டார். ஓடிவந்த அலபாமாவின் மார்லன் ஹம்ஃப்ரி அந்தரத்திலேயே பிடித்தார், பந்து அவர்களிடமே தங்கியது. எப்போதும் கடுகடுவென்று இருக்கும் சேபன் அப்போது சிரித்ததைக் கேமரா பிடித்துவைத்திருக்கிறது. அலபாமா 45-40 என்று கோப்பையை வென்றது.

அடுத்த முறை அண்ணன் மகளிடம் பேசும்போது, அந்த இரண்டு உதையும் ஒரே ஆளுடையது என்று சொல்லிப்பாருங்கள். முதலாவதைப் பற்றி அவளிடம் பேசியவர்கள் இரண்டாவதைச் சொன்னார்களா என்று அறிய எனக்கும் ஆசை.