வீட்டுக்கு எது பொருத்தம்: இங்க்ஜெட் பிரிண்டரா, லேசர் பிரிண்டரா?

இங்க்ஜெட் பிரிண்டர் திரவ மையை மிக நுண்ணிய துளைகள் வழியாகத் துளித்துளியாகத் தாளில் தெளிக்கிறது. லேசர் பிரிண்டரோ டோனர் எனப்படும் உலர்ந்த தூளை நிலைமின்சாரத்தால் தாளுக்கு ஈர்த்து, ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உருக்கிப் பதிக்கிறது. மாதக்கணக்கில் தொடாமல் விட்டால், மூடி போடாத மைப்பேனாவின் முனையைப் போல இங்க்ஜெட்டின் துளைகள் காய்ந்து அடைத்துக்கொள்ளும். அவற்றைச் சுத்தம் செய்ய இயந்திரம் செலவழிக்கும் மையும் நம் கணக்கில்தான் சேரும். தூள் காய்வதில்லை என்பதால், எப்போதாவது ஒரு விண்ணப்பமோ ஆதார் நகலோ எடுக்கும் வீட்டுக்குக் கருப்பு வெள்ளை லேசரையே உறுதியாகப் பரிந்துரைப்பேன். பிள்ளைகளின் பள்ளி வேலைக்கு வாரந்தோறும் வண்ணப் படங்கள் தேவையென்றால், மைத்தொட்டியுள்ள இங்க்ஜெட்டே சிக்கனமானது.

சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவில் விலை விசாரிக்கும்போது, இயந்திரத்தின் விலையோடு மை அல்லது டோனரின் விலையையும், அது எத்தனை பக்கங்களுக்கு வரும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். சென்னையின் மழைக்கால ஈரத்தில் நமத்துப்போன தாள் இரண்டிலுமே சிக்கிக்கொள்ளும். தாள்கட்டை மூடி வைப்பது நல்லது. லேசர் பிரிண்டர் சூடேறும்போது மின்சாரத்தை அதிகம் இழுப்பதால், அதைக் கணினியின் சிறிய யூபிஎஸ்ஸில் இணைக்கக் கூடாது.

லேசர் ஒளி தாளைச் சுட்டு எழுத்தைப் பொறிக்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அந்த ஒளி உள்ளேயிருக்கும் உருளையின் மீது மட்டுமே படுகிறது, தாளைத் தொடுவதே இல்லை.