டொலேடோவுக்கு எந்த மாதத்தில் போவது?

கேள்வி: மதுரையிலிருந்து எழுதுகிறேன். அடுத்த ஆண்டு குடும்பத்தோடு ஸ்பெயின் போகிறோம். நான், கணவர், ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகன், அம்மா. அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு. மாட்ரிட்டில் சில நாள் இருந்துவிட்டு, டொலேடோவில் மூன்று இரவு தங்க ஆசை. கணவருக்கு ஜூலையில்தான் விடுப்பு எளிதாகக் கிடைக்கும். "மதுரைக்காரங்களுக்கு வெயில் புதுசா?" என்கிறார். எனக்கு மே மாதமா, காலாண்டு விடுமுறையை ஒட்டிய அக்டோபரா என்று குழப்பம். எது சரி?

பதில்: மே மாதம் போங்கள், 4ஆம் தேதிக்கும் 25ஆம் தேதிக்கும் நடுவில். அது அமையாவிட்டால் அக்டோபர் முதல் பாதி. ஜூலை வேண்டாம். அம்மா உடன் வருவதால் இதை அழுத்தியே சொல்கிறேன்.

உங்கள் கணவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. எண்ணை மட்டும் பார்த்தால் அவர் பக்கம்தான் வெல்லும். டொலேடோவில் ஜூலை மாதச் சராசரி உச்ச வெப்பம் ஏறத்தாழ 35 டிகிரி. மதுரையின் மே மாதம் இதைவிடக் கடுமை. வெப்ப அலை வந்தால் அங்கேயும் 40ஐத் தாண்டும் என்றாலும், நாற்பதைக் கண்டு நாம் மிரள்வதில்லை. ஆனால் அந்த ஊரில் எத்தனை டிகிரி என்பதோடு, எத்தனை மணிக்கு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அங்கேதான் நம் அனுபவம் நம்மை ஏமாற்றும்.

ஸ்பெயின் இருக்கும் இடத்துக்கு, லண்டன் நேரம்தான் பொருத்தமானது. 1940இல் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி பெர்லின் நேரத்துக்கு மாற்றினார்கள். அது அப்படியே நிலைத்துவிட்டது. கோடையில் இன்னொரு மணி நேரம் தள்ளுவார்கள். ஆகவே ஜூலையில் டொலேடோவில் சூரியன் உச்சிக்கு வருவது பகல் 2.20க்கு. மதுரையில் அதே மாதம் 12.20 வாக்கில் உச்சிக்கு வந்துவிடும். அங்கே மாலை நான்கு மணி என்பது நம் ஊரின் பகல் இரண்டு மணி. "நாலு மணிக்கு மேல வெயில் தாழ்ந்துடும், அப்புறம் கிளம்பலாம்" என்று நாம் பழகிய கணக்கு அங்கே உதவாது. வெப்பம் உச்சத்தில் நிற்பதே மாலை ஐந்து, ஆறு மணிக்குத்தான். எட்டு மணிக்கும் கல் சுவரைத் தொட்டால் சுடும். சூரியன் மறைய 9.45 ஆகும்.

இதைப் பார்வை நேரத்தோடு பொருத்திப் பாருங்கள். பேராலயம், எல் கிரெக்கோவின் பெரிய ஓவியம் இருக்கும் சாந்தோ தோமே ஆலயம் எல்லாமே காலை பத்து மணிக்குத்தான் திறக்கின்றன. மாலை ஆறு, ஆறே முக்காலுக்குள் மூடிவிடுகின்றன. ஜூலையில் அம்மாவால் வசதியாக நடக்க முடிகிற நேரம் காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை, பிறகு இரவு எட்டுக்கு மேல். இரண்டும் ஒன்றோடு ஒன்று பொருந்தும் நேரம் காலை பத்து முதல் பன்னிரண்டு வரை மட்டும்தான். அந்த இரண்டு மணி நேரத்துக்காக அவ்வளவு தூரம் போவது எனக்கு மனம் ஒப்பவில்லை. மதியம் இரண்டு முதல் ஐந்து வரை சிறு கடைகளும் அடைத்துவிடும். ஊர்க்காரர்களே ஜன்னல் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பார்கள். அவர்கள் சோம்பேறிகள் அல்ல. அந்த நேரத்தில் தெருவில் இருக்கக் கூடாது என்பது தலைமுறை தலைமுறையாகத் தெரிந்து வைத்திருக்கும் விஷயம்.

வறண்ட வெயில் என்பதால் இன்னொரு ஆபத்தும் உண்டு. மதுரையில் வியர்த்து வழியும், உடனே தண்ணீர் குடிப்போம். டொலேடோவில் வியர்வை தோன்றிய கணமே காய்ந்துவிடும். சட்டை நனையாது, தாகம் உறைக்காது, தலைச்சுற்றல் வந்த பிறகுதான் தெரியும். வயதானவர்களுக்கு இது நல்லதல்ல. ஒரு ஜூலையில் என்னோடு வந்த குடும்பத்துப் பெரியவர் ஒருவர், "இது என்ன வெயில், வியர்க்கக்கூட இல்லை" என்று சொல்லிக்கொண்டே வந்து, ஆற்றுப் பாலத்தின் மேல் உட்கார்ந்துவிட்டார். அரை மணி நேரம் நிழலில் படுக்கவைத்து, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் கொடுத்த பிறகே தெளிந்தார். அன்றிலிருந்து பெரியவர்களை ஜூலையில் நான் அழைத்துப் போவதில்லை.

ஊரின் அமைப்பையும் சொல்ல வேண்டும். டொலேடோ ஒரு பாறைக் குன்று. தாஹோ ஆறு மூன்று பக்கமும் ஆழமாக அறுத்துக்கொண்டு ஓடுகிறது. அரேபியர் காலத்துக் குறுகிய சந்துகள் நிழல் தரும். ஆனால் சதுக்கங்களும் பாலங்களும் ஆற்றங்கரையும் வெட்டவெளி. எங்கே போனாலும் ஏற்றம் அல்லது இறக்கம், காலுக்கடியில் உருண்டைக் கல் பதித்த தரை. முழங்கால் வலி உள்ளவருக்கு நடையே வேலை; அதில் வெயிலையும் சேர்க்காதீர்கள்.

இனி மே மாதம். சராசரி உச்ச வெப்பம் 24, 25 டிகிரி. விடியற்காலையில் 11, 12. மாத நடுவில் காலை ஏழுக்கு விடிந்து இரவு 9.20க்கு மேல்தான் சூரியன் மறையும். அதாவது பத்து மணிக்குத் திறந்து ஆறரைக்கு மூடும் இடங்கள் முழுவதும் உங்கள் கையில், அதன் பிறகும் மூன்று மணி நேர வெளிச்சம். பகல் உணவுக்குப் பின் அம்மா இரண்டு மணி நேரம் படுத்து எழுந்தாலும் எதையும் இழக்கப் போவதில்லை. ஆற்றுக்கு அப்பால் உள்ள சரிவுகளில் ஆலிவ் மரங்களுக்கு நடுவே புல் இன்னும் பச்சையாக இருக்கும். ஜூன் முடிவதற்குள் அது வைக்கோல் நிறமாகிவிடும். அந்தச் சரிவுகளில் இருக்கும் பழைய தோட்ட வீடுகளுக்கு 'சிகர்ராலெஸ்' என்று பெயர். சிள்வண்டைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்த பெயர் என்பார்கள். கோடையில் அங்கே காது அடைக்கும்படி சிள்வண்டு கத்துவதைக் கேட்டால் பெயர்ப்பொருத்தம் புரியும்.

மழை பற்றிப் பயம் வேண்டாம். ஆண்டு முழுக்கச் சேர்த்தும் அங்கே பெய்வது சுமார் 350 மில்லிமீட்டர், மதுரையில் பெய்வதில் பாதிகூட இல்லை. மே மாதத்தில் ஓரிரு மாலை இடியோடு கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். நனைந்த கல் தரை வழுக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அம்மாவுக்குப் புதுச் செருப்பு வாங்கிக்கொடுத்து அழைத்து வராதீர்கள். அடிப்பக்கம் பிடிப்புள்ள, ஏற்கெனவே பழகிய காலணியே போதும்.

மேயை நான் இவ்வளவு வலியுறுத்த இன்னொரு காரணம், கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழா. ஸ்பெயினில் பல ஊர்கள் இதை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிவிட்டன. டொலேடோ பழைய முறைப்படி வியாழக்கிழமையிலேயே கொண்டாடுகிறது. ஈஸ்டர் ஞாயிறிலிருந்து அறுபதாவது நாள். 2027இல் மார்ச் 28 ஈஸ்டர் என்பதால் விழா மே 27. ஈஸ்டர் தள்ளிப்போகும் ஆண்டுகளில் ஜூனில் வரும். விழாவுக்குச் சில வாரங்கள் முன்பே பேராலயத்தைச் சுற்றிய பவனித் தெருக்களில் மாடிக்கு மாடி வெள்ளைத் துணிப் பந்தல் கட்டிவிடுவார்கள். அந்தப் பந்தலுக்கு அடியில் ஒளி பால்போல இறங்கும். தெரு முழுக்க நிழல். பவனியன்று தரையில் தைம், ரோஸ்மேரி போன்ற மூலிகைத் தழைகளைப் பரப்புவார்கள். ஆயிரக்கணக்கான கால்கள் மிதிக்க மிதிக்க ஊரே மணக்கும். நம் தேர்த்திருவிழாத் தெருக்களில் வளர்ந்தவர்களுக்கு அந்த மணமும் கூட்டமும் உடனே நெஞ்சில் ஒட்டிக்கொள்ளும். பவனியில் வரும் கதிர்ப்பாத்திரம், அதாவது நற்கருணை அப்பத்தை எல்லோரும் பார்க்கும்படி வைத்து எடுத்துவரும் பாத்திரம், பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் என்ரிக்கே தெ ஆர்ஃபே என்ற பொற்கொல்லர் வெள்ளியில் செய்தது, ஆள் உயரத்தை மிஞ்சிய கோபுரம். அதற்குள் இருக்கும் தங்கப் பாத்திரம் அரசி இசபெல்லாவுக்குச் சொந்தமாயிருந்தது. கொலம்பஸ் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த முதல் தங்கத்தில் செய்தது என்பது அந்த ஊர் மரபு.

உங்கள் குடும்பத்துக்கு என் யோசனை: விழா நாளன்று போகாதீர்கள், அதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு போங்கள். விழா நாளில் அறை வாடகை ஏறிவிடும், காலை முழுக்க நிற்க வேண்டும், அம்மாவால் ஆகாது. முன்பே போனால் பந்தல் கட்டிய தெருக்களைக் கூட்டமில்லாமல் அனுபவிக்கலாம். அந்தப் பெரிய கதிர்ப்பாத்திரத்தையும் பேராலயக் கருவூலத்தில் நிதானமாக நின்று பார்க்கலாம். விழா நாளை எப்படியும் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் இருந்தால், ஓராண்டு முன்பே அறை பிடித்து, பவனி போகும் தெருவை ஒட்டியே தங்குங்கள்.

மே மாதத்திலேயே தவிர்க்க வேண்டிய நாட்கள் உண்டு. மே 1 தொழிலாளர் தினம், மே 2 மாட்ரிட் மாநில விடுமுறை, மே 15 மாட்ரிட் நகரத்தின் காவல் புனிதர் சான் இசித்ரோ நாள். இந்த நாட்களில் மாட்ரிட்டே கிளம்பி வந்து இறங்கும். அதிவேக ரயிலில் அத்தோச்சா நிலையத்திலிருந்து அரை மணிக்குச் சற்றுக் கூடுதல்தான். இடம் சீக்கிரம் தீரும், முன்கூட்டியே எடுங்கள். வாரத்தில் செவ்வாய் வந்து வெள்ளி கிளம்புவதுபோல் வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை எல் கிரெக்கோ அருங்காட்சியகமும் யூத ஆலயத்தில் உள்ள செபார்டிக் அருங்காட்சியகமும் மூடியிருக்கும். ஞாயிறன்று பேராலயத்தில் பார்வையாளர்களை மதியம் இரண்டு மணிக்குப் பிறகே விடுவார்கள். டொலேடோவுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் காலை வந்து மாலை போகிறவர்கள். பதினொரு மணிக்குச் சந்துகள் நெரியும், ஏழு மணிக்கு வெறிச்சோடும். மூன்று இரவு தங்குவது என்ற உங்கள் முடிவை மனதாரப் பாராட்டுகிறேன். காலை ஒன்பது மணியும் மாலை ஏழு மணியும் உங்களுடையவை.

அக்டோபர் இதற்கு அடுத்தபடி. முதல் இரண்டு வாரத்தில் வெப்பம் 23, 24ஐ ஒட்டியே இருக்கும், வானம் தெளிவு, மாலை ஒளி மஞ்சளாகக் கல்லின் மேல் சாயும். படம் எடுப்பவராக நீங்கள் மட்டும் போவதானால் நான் அக்டோபரைத்தான் சொல்லியிருப்பேன். குறை என்னவென்றால் பகல் சுருங்கிவிடுகிறது. காலை எட்டே காலுக்குத்தான் விடியும், எட்டு மணிக்குள் இருட்டும். அம்மா மதியம் ஓய்வெடுத்தால் மாலை மிச்சமிருக்காது. அக்டோபர் 12 தேசிய விடுமுறை, அந்த வாரக் கடைசியைத் தவிருங்கள். மாதக் கடைசி வரை இருக்க முடிந்தால் சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கொன்சுவேக்ராவில் குங்குமப்பூ விழா நடக்கும். காற்றாலைக் குன்றின் அடியில், விடியலில் பறித்த ஊதாப் பூக்களை மேசையில் கொட்டி, சிவப்புச் சூலிழைகளை மட்டும் விரலால் கிள்ளி எடுக்கும் போட்டி வைப்பார்கள். ஒரு கிராம் குங்குமப்பூவுக்கு நூற்றைம்பது பூவாவது வேண்டும் என்பதை நேரில் பார்த்தால் விலை புரிந்துவிடும். ஆனால் உங்கள் மகனின் காலாண்டு விடுமுறை அதற்குள் முடிந்துவிடும்.

குளிர்காலம் உங்களுக்கு வேண்டாம். ஜனவரியில் பகலில் 11, 12 டிகிரி, இரவில் பூஜ்யத்தை ஒட்டி. ஆற்றிலிருந்து எழும் மூடுபனி சில நாள் மதியம் வரை விலகாது. பேராலயக் கல் குளிரில் அம்மாவின் முழங்கால் இன்னும் இறுகும். மார்ச், ஏப்ரல் முதல் பாதி நாளுக்கொரு குணம் காட்டும். ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் பவனிகள் அழகு, அறை கிடைப்பது கடினம்.

ஒருவேளை விடுப்பு கோடையில்தான் என்று ஆகிவிட்டால் ஜூலைக்குப் பதில் செப்டம்பர் கடைசி வாரத்துக்குத் தள்ள முடியுமா என்று கணவரிடம் கேளுங்கள். அதுவும் முடியாவிட்டால் டொலேடோவில் ஒரே இரவு தங்கி, ஏசி இருப்பதை உறுதி செய்துகொண்டு அறை எடுங்கள். பழைய வீடுகளை வாடகைக்கு விடும்போது சிலவற்றில் ஏசி இருக்காது. ஆகஸ்ட் 15 வாக்கில் இருந்தால், விண்ணேற்பு விழாவன்று பேராலய முற்றத்துக்குப் போய், மண்கூஜாக்களில் வைத்திருக்கும் கிணற்றுத் தண்ணீரை ஊராரோடு வரிசையில் நின்று குடியுங்கள். கோடையில் அந்த ஊரை அறிய அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

விசாவை மறந்துவிடாதீர்கள். ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். மே மாதப் பயணம் என்றால் ஜனவரியிலேயே நேரம் பதிந்துவிடுங்கள், மார்ச்சுக்கு மேல் கூட்டம் கூடும்.

அம்மாவுக்காக மூன்று விஷயம். ரயில் நிலையத்திலிருந்து சொகொதோவர் சதுக்கத்துக்கு நகரப் பேருந்தோ டாக்சியோ பிடியுங்கள், ஏறி நடக்க வேண்டாம். கோட்டைச் சுவருக்கு வெளியே இருந்து மேலே வர நகரும் படிக்கட்டுகள் இருக்கின்றன, அவற்றைப் பயன்படுத்துங்கள். அறையைச் சதுக்கத்துக்கும் பேராலயத்துக்கும் நடுவில் எடுங்கள். இரண்டுக்கும் நடுவே ஏற்றம் குறைவு. மகனுக்கு வாள் கடைகளும், அரைத்த பாதாமும் சர்க்கரையும் சேர்த்துச் செய்யும் மசபான் இனிப்பும் போதும். கன்னியர் மடங்களிலும் அதை விற்கிறார்கள். நம் பாதாம் பர்ஃபிக்கு அது ஒன்றுவிட்ட சகோதரி.

கடைசி நாள் மாலை எட்டே முக்காலுக்கு டாக்சி எடுத்து, ஆற்றுக்கு எதிர்க்கரையில் உள்ள மிராதோர் தெல் வாயே காட்சிமேடைக்குப் போங்கள். 9.20க்குச் சூரியன் மறையும், அடுத்த அரை மணியில் பேராலயக் கோபுரத்திலும் அல்காசர் கோட்டையிலும் விளக்கு எரியும். டாக்சிக்காரரைக் காத்திருக்கச் சொல்லிவிடுங்கள், அந்த நேரத்தில் வண்டி கிடைக்காது. அம்மாவுக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். மேயிலும் ஆற்றுக் காற்று குளிரும்.