‘கார்ட்டூன்தானே’ என்று விட்டுவிடலாமா?

கேள்வி: என் மகன் ஆறாம் வகுப்பு படிக்கிறான். ‘மார்ட்டல் காம்பேட்’ வீடியோ விளையாட்டை வைத்து எடுத்த அனிமேஷன் படத்தைப் பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் செல்போன் கடையில் பென்டிரைவில் ஏற்றித் தருகிறார்களாம். கார்ட்டூன்தானே, பார்க்கட்டுமா? விளையாட்டைப் பற்றித் தெரியாத எனக்குக் கதை புரியுமா? (ஒரு தாய், மார்த்தாண்டம்)

பதில்: ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்தப் படம் வேண்டாம். 2020-இல் வெளிவந்த ‘மார்ட்டல் காம்பேட் லெஜண்ட்ஸ்: ஸ்கார்பியன்ஸ் ரிவெஞ்ச்’ படத்தைத்தான் தாங்கள் குறிப்பிடுகிறீர்கள் என்று கொள்கிறேன். அமெரிக்காவில் அதற்கு ‘ஆர்’ தரம் இட்டிருக்கிறார்கள். பதினேழு வயது நிரம்பாதவர் பெரியவர் துணையின்றித் திரையரங்கில் அதைப் பார்க்கக் கூடாது என்பது அதன் பொருள். வரைந்த உருவங்கள் என்பதால் கொடுமை குறைந்துவிடுவதில்லை; நடிகரை வைத்து எடுக்கத் தயங்கும் காட்சிகளையும், எலும்பு நொறுங்குவது உட்பட, தூரிகை தயங்காமல் காட்டிவிடும். 1992-இல் வந்த மூல விளையாட்டின் வன்முறையே அமெரிக்க செனட் விசாரணை வரை போய், 1994-இல் விளையாட்டுகளுக்கு வயதுத் தரம் இடும் அமைப்பு உருவாக ஒரு காரணமாயிற்று.

தணிக்கைச் சான்றிதழ் பற்றிப் பலருக்கும் குழப்பம் இருக்கிறது. திரையரங்குக்கு வரும் படம் தணிக்கை வாரியத்துக்குச் செல்லும்; 2023-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பெற்றோர் வழிகாட்டலுடன் பார்க்கத்தக்கது என்னும் யுஏ சான்றிதழ் வயதுவாரியாக 7+, 13+, 16+ என மூன்றாகப் பிரிந்துள்ளது. நேரடியாக ஓடிடியில், அதாவது இணையவழிப் படத் தளத்தில், வரும் படம் வாரியத்துக்குப் போவதில்லை. 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி நிறுவனமே தரம் இட்டுக்கொள்கிறது. இங்கே ஒரு விதிவிலக்கை நன்றாக நினைவில் வைக்க வேண்டும்: திரையரங்கில் ஓடிய படமே பின்னர் ஓடிடிக்கு வந்தாலும், அங்கே வெட்டிய காட்சிகள் இங்கே ஒட்டப்பட்டிருக்கலாம் என்பதால், போஸ்டரில் கண்ட சான்றிதழை நம்பி வீட்டில் போட்டுக் காட்டிவிடக் கூடாது, ஓடிடித் திரையில் தோன்றும் தரத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். அதுவோ மூலையில் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில், சில நொடிகள் தோன்றி மறைகிறது. 13+ மற்றும் அதற்கு மேற்பட்ட தரங்களுக்குப் பெற்றோர் பூட்டு வைக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. அந்தப் பூட்டை அமைப்புகளின் எந்த அடுக்கில் ஒளித்திருக்கிறார்கள் என்று தேடுவதற்குள் பிள்ளை படத்தையே பார்த்து முடித்துவிடுவான்.

இதைவிட எனக்குக் கவலை தருபவர்கள் இடையில் நிற்கும் வியாபாரிகள். களியக்காவிளை முதல் நாகர்கோவில் வரை எந்தக் கடையில் ஏற்றித் தந்தாலும் திருட்டுப் பிரதியில் தரக் குறியீடு இருப்பதில்லை. சூதாட்டச் செயலி விளம்பரம் பதிந்து வருவதோ சர்வசாதாரணம். ‘ஒரு வருட ஓடிடி, நூறு ரூபாய்’ என்பவர்களையும் அண்டவிடாதீர்கள். அவர்கள் தருவது வேறொருவர் கணக்கின் கடவுச்சொல். அதில் தாங்கள் பூட்டுப் போட இயலாது, போட்டாலும் கணக்குக்காரர் மாற்றிவிடலாம். திரையரங்கில் படத்தைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்தால் மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை என்று சட்டம் எழுதிவிட்டார்கள். கடைப்பலகைகள் மட்டும் இன்னும் இறங்கவில்லை.

கதை தங்களுக்குப் புரியும். மனைவியையும் மகனையும் பறிகொடுத்துத் தானும் கொல்லப்பட்ட வீரன் பழிதீர்க்க மீண்டு வருகிறான், அவ்வளவுதான். விளையாட்டை ஆடியிருக்க வேண்டியதில்லை. முறையான கணக்கு வீட்டில் இருந்தால், மகன் பள்ளிக்குப் போன நேரத்தில் தாங்கள் மட்டும் முதல் பத்து நிமிடம் பாருங்கள்.